உங்களுக்குத் தெரியுமா? கார்ட்டூன் இளவரசிகள் வரிசையில் இடம் கிடைக்காத பெண்கள்

சிறுமிகளின் புத்தகப் பை, பென்சில் டப்பா, தண்ணீர் பாட்டில், பிறந்தநாள் கேக் என எங்கே பார்த்தாலும் அதே ஏழெட்டு முகங்கள். சிண்ட்ரெல்லா, ஏரியல், எல்சா. அழகான முகங்கள்தான், ஆனால் அநேகமாக எல்லாமே கற்பனை. போர்க்களத்தில் நின்ற, கப்பற்படை நடத்திய, எதிரியின் சபையில் தலைகுனியாமல் பேசிய நிஜப் பெண்களின் முகம் எந்தப் பையிலும் இல்லை. அவர்களையும் கார்ட்டூன் நாயகிகளாக வரைந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பற்றியும், அவற்றில் இருக்கிற, இருக்க வேண்டிய பெண்களைப் பற்றியும் சில செய்திகள்.

சாப்பாட்டு வேளையில் பிறந்த கேள்வி

ஜேசன் போரத் அமெரிக்காவின் ட்ரீம்வொர்க்ஸ் ஸ்டுடியோவில் எஃபெக்ட்ஸ் பிரிவு அனிமேட்டராக இருந்தவர். திரையில் தீ எரிவதும் தண்ணீர் தெறிப்பதும் தூசி பறப்பதும் இந்தப் பிரிவின் கைவேலை. ‘குங் ஃபூ பாண்டா 2’, ‘தி க்ரூட்ஸ்’ போன்ற படங்களில் வேலை பார்த்தார். ஒருநாள் மதியம் சக ஊழியர்களோடு சாப்பிடும்போது பேச்சு இப்படித் திரும்பியது: கார்ட்டூன் படத்தில் இளவரசியாக்கவே முடியாத பெண் யார்? விளையாட்டாக ஆரம்பித்த பேச்சு அவரை விடவில்லை. தேடத் தேடப் பட்டியல் நீண்டது. 2014இல் அந்தப் பெண்களைக் கார்ட்டூன் இளவரசி பாணியிலேயே வரைந்து, பக்கத்தில் வரலாற்றையும் எழுதி இணையத்தில் போட ஆரம்பித்தார். ‘ரிஜெக்டட் பிரின்சசஸ்’ என்று பெயர். ‘வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட இளவரசிகள்’ என்று வைத்துக்கொள்ளலாம். 2016இல் 100 பெண்களோடு கனத்த புத்தகமாக வந்தது. 2018இல் வீரத் தாய்மார்களுக்கென்றே ஒரு புத்தகம்.

முதல் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வரிசைதான். அகரவரிசையும் இல்லை, கால வரிசையும் இல்லை. சின்னக் குழந்தைக்குச் சொல்லக்கூடிய கதைகள் முதலில் வருகின்றன. போகப் போகக் கதை கடினமாகிறது. எந்தக் கதை எந்த வயதுக்கு, அதில் வன்முறை உண்டா என்பதற்கு அடையாளக் குறிகளும் உண்டு. கசப்பான வரலாற்றை வெட்டி இனிப்பாக்காமல், யாருக்கு எப்போது சொல்வது என்று பெற்றோரிடம் விட்டுவிட்டார். குழந்தைகளுக்கு வரலாறு சொல்கிற எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டிய முறை இது.

குதிரைகளைப் பந்தயம் கட்டிய மல்யுத்த வீராங்கனை

13ஆம் நூற்றாண்டு மங்கோலியாவின் குதுலூன், செங்கிஸ்கானின் வம்சம். தந்தை கைது கான், சீனத்தை ஆண்ட குப்லாய் கானோடு ஆயுள் முழுக்க மோதியவர். அந்தப் போர்களில் தந்தையின் பக்கத்தில் நின்றவர் மகள். எதிரிப் படைக்குள் குதிரையோடு பாய்ந்து, பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குவது போல ஒரு வீரனைத் தூக்கிக்கொண்டு திரும்புவார் என்று மார்க்கோ போலோவின் பயணக் குறிப்பு சொல்கிறது.

கல்யாணப் பேச்சு வந்தபோது குதுலூன் ஒரு நிபந்தனை வைத்தார். மல்யுத்தத்தில் தன்னை வெல்பவனுக்கே மாலை. தோற்றால் குதிரைகளைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் தோற்றார்கள். இப்படியே 10,000 குதிரைகள் சேர்ந்தன என்பது கதை. ஒருமுறை செல்வாக்கான இளவரசன் ஒருவன் 1,000 குதிரைகளோடு வந்தான். பெற்றோருக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. ‘இந்த ஒரு தடவை தோற்றுவிடு’ என்று மகளிடம் கெஞ்சியே பார்த்தார்கள். களத்தில் இறங்கினார், அவனைத் தூக்கி எறிந்தார், 1,000 குதிரைகளும் மந்தையில் சேர்ந்தன.

இவரை வரைய உட்காரும் ஓவியருக்கு ஒரு சோதனை இருக்கிறது. கார்ட்டூன் இளவரசி என்றாலே கையளவு இடுப்பு, குச்சிக் கைகள், முகத்தில் பாதி கண். மார்க்கோ போலோவோ குதுலூனை உயரமான, திடகாத்திரமான, ஏறக்குறைய அரக்கி போன்ற உடல்வாகு கொண்டவர் என்று வர்ணிக்கிறார். தோள் அகலமாக, தொடை கனமாக வரைந்தால்தான் அது குதுலூன். இடுப்பை ஒடித்து வரைந்தால் 1,000 குதிரைகளை ஜெயித்தார் என்பதை யார் நம்புவது?

தந்தை தனக்குப் பின் இவரையே வாரிசாக்க நினைத்தார் என்றும் சொல்கிறார்கள். சகோதரர்கள் விடவில்லை. 1301இல் தந்தை இறந்தபின் சில ஆண்டுகளில் குதுலூனும் மறைந்தார். ஐரோப்பாவில் 1926இல் அரங்கேறிய புச்சினியின் ‘டூரண்டோட்’ ஓபராவின் நாயகிக்கு இவருடைய கதையும் ஒரு மூலம் என்பார்கள். ஆனால் அங்கே மல்யுத்தம் விடுகதையாகிவிட்டது. வெல்லவே முடியாத பெண், கடைசியில் காதலில் தோற்றுப்போகிறாள்.

◆ சீனத்தைக் காப்பாற்றும் பெண் வீராங்கனையின் கதைதான் டிஸ்னியின் ‘மூலான்’ (1998). மொழியியலாளர்கள் கார்மென் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் இருவரும் டிஸ்னி இளவரசிப் படங்களின் வசனங்களை எண்ணிப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. ‘மூலான்’ வசனங்களில் 77 சதவீதம் ஆண் பாத்திரங்களுடையது. கூடவே வரும் குட்டி டிராகன் முஷு, மூலானைவிட 50 சதவீதம் அதிகம் பேசுகிறது. ‘அலாவுதீன்’ படத்தில் ஆண்களின் பங்கு 90 சதவீதம்.

நாற்காலி தராத ஆளுநர்

1622. இன்றைய அங்கோலாவின் லுவாண்டா நகரம். போர்ச்சுகீசிய ஆளுநரோடு சமாதானம் பேச, ந்தோங்கோ அரசரின் தூதராக அவருடைய சகோதரி ந்ஸிங்கா வந்தார். ஆளுநருக்கு மெத்தை வைத்த நாற்காலி, வந்தவருக்குத் தரையில் ஒரு விரிப்பு. கீழே உட்கார்ந்து அண்ணாந்து பேசட்டும் என்ற கணக்கு. ந்ஸிங்கா ஒரு சொல்லும் பேசவில்லை. தன் பணிப்பெண் ஒருவரைப் பார்த்தார். அந்தப் பெண் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் குனிந்தார். அவர் முதுகின்மேல் உட்கார்ந்து, ஆளுநருக்குச் சமமான உயரத்தில், ந்ஸிங்கா பேச்சுவார்த்தையைத் தொடங்கினார்.

இந்தக் காட்சியைக் காட்டும் சித்திரம் 1687இல் இத்தாலியப் பாதிரியார் கவாட்ஸியின் புத்தகத்திலேயே அச்சாகிவிட்டது. அன்றிலிருந்து ந்ஸிங்காவை வரைகிற எல்லோரும் இந்தக் காட்சியைத்தான் தொடுகிறார்கள். ஒரு ஓவியருக்கு இதைவிடப் பெரிய கொடை வேண்டியதில்லை. வசனமே இல்லாமல் முழுக் கதையும் தெரிந்துவிடும்.

ஆனால் பல படங்களில் ஒரு தவறு இருக்கிறது. ந்ஸிங்காவை இருபது வயதுப் பெண்ணாக வரைந்துவிடுகிறார்கள். அந்த நாற்காலிச் சம்பவத்தின்போது அவருக்கு 40 வயதை ஒட்டி இருக்கும். அரியணை ஏறியது அதற்கும் பிறகு. போர்ச்சுகீசியரோடு முப்பது ஆண்டுகள் விட்டு விட்டுப் போர். பக்கத்து மத்தம்பா நாட்டைப் பிடித்து அங்கிருந்து ஆட்சி. டச்சுக்காரர்களோடு கூட்டணி. அறுபது வயதிலும் படை நடத்தினார். சமாதான உடன்படிக்கை 1656இல், எழுபதைத் தாண்டிய பிறகு. 1663 டிசம்பரில், ஏறத்தாழ 80 வயதில் இறந்தார். ஏரியலுக்கு 16 வயது. முகத்தில் சுருக்கமும் தலையில் நரையும் உள்ள ஒரு பெண்மணி கார்ட்டூன் படத்தின் நாயகியாக வாளோடு நின்று பார்த்திருக்கிறோமா? கிழவி என்றால் சூனியக்காரி, அல்லது தேவதைப் பாட்டி. அரசியாக ந்ஸிங்காவை அவர் வயதோடு வரைந்தால் அதுவே பெரிய மாற்றம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ந்ஸிங்காவின் ஆட்சியும் அடிமை வணிகத்தில் பங்கெடுத்தது. போர்க் கைதிகள் விற்கப்பட்டார்கள். வீரத்தைச் சொல்கிற அதே பக்கத்தில் இதையும் சொல்ல வேண்டும். 2002இல் லுவாண்டாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

◆ நிஜமாகவே வாழ்ந்த பெண்ணை டிஸ்னி தொட்டபோது என்ன நடந்தது தெரியுமா? ‘போகஹான்டஸ்’ (1995) படத்தில் அவர் வளர்ந்த இளம்பெண், ஆங்கிலேய மாலுமியின் காதலி. 1607இல் ஆங்கிலேயர்கள் வர்ஜீனியாவில் வந்து இறங்கியபோது அந்தச் சிறுமிக்கு வயது 11 இருக்கலாம். 1613இல் ஆங்கிலேயர்கள் அவரைக் கடத்திப் பணயமாக வைத்திருந்தார்கள். பிறகு இங்கிலாந்துக்கு அழைத்துப்போய்க் காட்சிப்படுத்தினார்கள். 1617இல் ஊர் திரும்பும் வழியிலேயே இறந்தார். உயிரோடு இருந்தபோது அவரைப் பார்த்துச் செதுக்கிய ஒரே படம் 1616ஆம் ஆண்டுடையது. உயரமான தொப்பி, விறைத்த சரிகைக் கழுத்துப்பட்டை, கையில் இறகு விசிறி, சிரிப்பே இல்லாத முகம். காற்றில் கூந்தல் பறக்கும் அந்தக் கார்ட்டூன் பெண்ணையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சுருள்முடிக்கு ஒரு மென்பொருள்

பிக்ஸாரின் ‘பிரேவ்’ (2012) படத்து மெரிடா கற்பனைப் பாத்திரம்தான். ஆனாலும் இந்தப் பத்தியில் அவளுக்கு இடம் உண்டு. அவளுடைய அடங்காத செம்பட்டைச் சுருள்முடியை அசைய வைக்க அதுவரை இருந்த மென்பொருள் போதவில்லை. புதிதாக ஒன்றை எழுதினார்கள். 1,500க்கும் மேற்பட்ட சுருள்களைத் தனித்தனியாக வடிவமைத்து, அதிலிருந்து 1,11,000க்கும் மேற்பட்ட முடிகள் உருவாக்கப்பட்டன. தலைவாரிப் பின்னிய இளவரசியாக இருந்தால் இவ்வளவு பாடு இல்லை. வித்தியாசமான பெண்ணை வரைய வேண்டும் என்ற பிடிவாதம் தொழில்நுட்பத்தையே முன்னே தள்ளியது.

அடுத்த ஆண்டே அதே மெரிடாவை ‘அதிகாரபூர்வ இளவரசி’ ஆக்கும் விழாவுக்காக டிஸ்னி திருத்தி வரைந்தது. இடுப்பு சிறுத்தது. சட்டை தோளிலிருந்து இறங்கியது. முடி படிந்தது. கையில் இருந்த வில் காணாமல் போனது. 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். மெரிடாவை உருவாக்கிய இயக்குநர் பிரெண்டா சாப்மேனே வெளிப்படையாகக் கண்டித்தார். வில் வைத்திருந்த பெண்ணிடமிருந்து வில்லைப் பிடுங்கிவிட்டு இளவரசிப் பட்டம் கொடுத்தார்கள். கற்பனைப் பெண்ணுக்கே இந்த நிலை.

அனிமேஷனுக்கு முன்பே ஒரு கிராமம் வரைந்தது

கி.பி. 40இல் சீனாவின் ஹான் ஆட்சிக்கு எதிராக வியட்நாமில் கலகம் செய்தவர்கள் ட்ருங் சகோதரிகள் இருவர். மூன்று ஆண்டுகள் ஆண்டார்கள். 43இல் சீனத் தளபதி மா யுவான் பெரும்படையோடு வந்து ஒடுக்கினார். இன்றும் வியட்நாமில் அவர்கள் பெயரில் தெருக்களும் கோயில்களும் உண்டு.

இவர்களை வரைந்து வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது டோங் ஹோ என்ற கிராமம். புத்தாண்டுக்குச் சுவரில் ஒட்டும் மரக்கட்டை அச்சுப் படங்கள் அந்த ஊரின் தொழில். மரப்பட்டையில் செய்த காகிதத்தில் சிப்பித் தூளைக் குழைத்துப் பூசுவார்கள். காய்ந்ததும் காகிதம் மினுமினுக்கும். மூங்கில் இலைக் கரியிலிருந்து கறுப்பு, அவுரியிலிருந்து நீலம், பூவிலிருந்து மஞ்சள், செந்நிறச் சரளைக்கல்லிலிருந்து சிவப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. கடைசியாகக் கறுப்புக் கோடு. அந்தப் படங்களில் சகோதரிகள் இருவரும் யானைமேல், கையில் வாளோடு. எதிரிகள் காலடியில் சிதறி ஓடுகிறார்கள். கண்கள் பெரியவை, வண்ணங்கள் தட்டையானவை, கோடுகள் தடித்தவை. இதை நான் கார்ட்டூனின் பாட்டி என்றே சொல்வேன். குழந்தைகள் சுவரில் பார்த்து வளர்ந்த நாயகிகள் இவர்கள். ஸ்டுடியோவும் இல்லை, விளம்பரமும் இல்லை.

◆ 1876 ஜூன் 17. அமெரிக்காவின் மான்டானா. ராணுவத்தோடு நடந்த சண்டையில் செயன் பழங்குடி வீரர் ஒருவரின் குதிரை சுட்டு வீழ்த்தப்பட்டது. அவருடைய தங்கை, எருமைக்கன்றுப் பாதைப் பெண் என்று பெயர் கொண்டவர், குண்டு மழைக்கு நடுவே குதிரையை விரட்டிப் போய், அண்ணனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பினார். வெள்ளையர் எழுதிய வரலாற்றில் அந்தப் போருக்கு ஒரு ஓடையின் பெயர், ரோஸ்பட். செயன் மக்கள் சொல்வதோ, ‘பெண் தன் அண்ணனைக் காப்பாற்றிய போர்’. ஒரு தேசமே ஒரு போருக்குத் தங்கையின் செயலைப் பெயராக வைத்திருக்கிறது. இதற்குமேல் திரைக்கதை எதற்கு?

◆ லோஸென், அப்பாச்சி வீராங்கனை. அண்ணன் விக்டோரியோவுக்கு வலது கை, பிறகு ஜெரோனிமோவோடு சேர்ந்து போரிட்டவர். 1886இல் சரணடைந்தவர்களை ரயிலில் ஏற்றி ஊர்கடத்திய வழியில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. ரயில் பெட்டிக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருக்கும் கைதிகளுக்கு இடையே லோஸெனும் இருக்கிறார். சில ஆண்டுகளில் கைதியாகவே அலபாமாவில் இறந்துபோனார்.

சொந்தக் காசில் ஒரு டாங்கி

மரியா ஒக்தியாப்ர்ஸ்கயா, சோவியத் யூனியன். கணவர் ராணுவ அதிகாரி. 1941இல் ஜெர்மனியரோடு நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். செய்தி மரியாவுக்கு வந்து சேரவே நெடுநாள் பிடித்தது. வந்ததும் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் விற்றார். 50,000 ரூபிள் சேர்ந்தது. ஸ்டாலினுக்குக் கடிதம் போட்டார்: இந்தப் பணத்தில் ஒரு டாங்கி செய்யுங்கள், பெயர் ‘போர்த் தோழி’ என்று இருக்கட்டும், ஓட்டுநர் இடத்தில் நான் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்தது.

வழக்கத்தில் இல்லாத அளவுக்கு ஐந்து மாதம் பயிற்சி எடுத்தார். 1943 அக்டோபரில் முதல் சண்டை. டி-34 டாங்கியை எதிரியின் பீரங்கிகள் மேலேயே ஏற்றினார். டாங்கி அடிபட்டு நின்றபோது, உள்ளேயே இருக்க வேண்டும் என்ற உத்தரவையும் மீறி வெளியே குதித்து, குண்டுகளுக்கு நடுவே பழுது பார்த்துவிட்டுத் திரும்ப ஏறினார். இதை ஒரு தடவையோடு நிறுத்தவும் இல்லை. 1944 ஜனவரியில் அப்படி இறங்கிப் பழுது பார்த்தபோதுதான் குண்டுச் சிதறல் தலையில் பட்டது. இரண்டு மாதம் நினைவில்லாமல் கிடந்து மார்ச்சில் இறந்தார். ‘சோவியத் யூனியனின் வீரர்’ என்ற மிக உயர்ந்த விருது பிறகு வந்தது. நாற்பது வயதை நெருங்கிய, கிரீஸும் எண்ணெயும் படிந்த கை கொண்ட பெண். அவரைக் கவுன் போட்டு வரைய முடியாது. வரையவும் கூடாது.

வரைகிற கைகளிலும் பெண்கள் இல்லை

1938இல், அனிமேஷன் கற்க விரும்பி டிஸ்னி ஸ்டுடியோவுக்கு எழுதிய ஒரு பெண்ணுக்குப் பதில் வந்தது. கார்ட்டூன் படங்களின் படைப்பு வேலை எதையும் பெண்கள் செய்வதில்லை, அது முழுக்க இளைஞர்களின் வேலை, பெண்களுக்கு இருப்பது செல்லுலாய்டு தாளில் மையால் கோடு இழுத்து நிறம் பூசும் வேலை மட்டும் என்று எழுதியிருந்தார்கள். கடிதத் தாளின் ஓரத்தில் ஸ்னோ ஒயிட்டின் படம். திரையில் இளவரசி, வரைகிற மேஜையில் பெண்ணுக்கு இடமில்லை.

ஆனாலும் இடம் பிடித்தார்கள். ‘பாம்பி’ (1942) படத்தில் மானைத் துரத்தும் வேட்டை நாய்களின் வெறியைப் பார்த்து எல்லோரும் யார் வரைந்தது என்று கேட்டார்கள். ரெட்டா ஸ்காட் என்ற இளம்பெண். டிஸ்னி படத்தில் அனிமேட்டர் என்று திரையில் பெயர் வந்த முதல் பெண் அவர்.

அதற்கும் பதினாறு ஆண்டுகள் முன்னால் போனால், இன்றைக்குப் பிரதி கிடைக்கிற மிகப் பழைய முழுநீள அனிமேஷன் படமான ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ (1926) வருகிறது. அதை எடுத்தவரும் ஒரு பெண், ஜெர்மனியின் லோட்டே ரைனிகர். கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் பிணைத்து, விளக்கு வெளிச்சத்துக்கு மேல் வைத்து, இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு சட்டமாகப் படம் பிடித்தார். மூன்று ஆண்டு உழைப்பு. ‘ஸ்னோ ஒயிட்’ வந்தது 1937இல்தான்.

கடற்கொள்ளையர்களின் தலைவி

தென் சீனக் கடல், 1807. கடற்கொள்ளைத் தலைவன் செங் யீ இறந்தான். கூட்டம் சிதறும் என்று நினைத்தார்கள். அவன் மனைவி செங் யீ சாவ் தலைமையை எடுத்துக்கொண்டார். நூற்றுக்கணக்கான கப்பல்கள், பல்லாயிரம் ஆட்கள். கொள்ளைப் பொருள் முழுக்கப் பொதுக் கணக்கில் எழுதப்பட்ட பிறகுதான் பங்கு. பிடிபட்ட பெண்களைப் பலவந்தம் செய்தால் மரண தண்டனை. சீன அரசின் படையும் போர்ச்சுகீசியக் கப்பல்களும் முயன்றும் அவரை அடக்க முடியவில்லை.

இவருடைய உச்சக் காட்சி போர் இல்லை. 1810இல் பேச்சுவார்த்தை இழுபறியானபோது, ஆயுதமே இல்லாமல், கொள்ளையர்களின் மனைவிமாரையும் குழந்தைகளையும் மட்டும் அழைத்துக்கொண்டு கான்டன் நகரில் ஆளுநரின் மாளிகைக்கே நடந்து போனார். பொது மன்னிப்போடு திரும்பினார். அவருடைய ஆட்களில் பலர் அரசுப் படையிலேயே சேர்ந்தார்கள். 1844இல் அறுபது வயதைக் கடந்து, படுக்கையில், இயற்கையாக இறந்தார். கடற்கொள்ளையர்களில் எத்தனை பேருக்கு இந்த முடிவு வாய்த்தது?

◆ ஆப்பிரிக்க சினிமாவின் மிகப் பெரிய பரிசு ஒரு பெண்ணின் பெயரில் இருக்கிறது. புர்கினா ஃபாஸோவின் வாகடூகு நகரில் நடக்கும் ஃபெஸ்பாகோ திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கு ‘யென்னெங்காவின் பொலிகுதிரை’ சிலை. தாவும் குதிரைமேல் ஈட்டியோடு ஒரு பெண். யென்னெங்கா, மொஸ்ஸி மக்களின் ஆதித் தாய். போரில் இவரை இழக்க மனமில்லாத தந்தை கல்யாணமே செய்துவைக்கவில்லை. மகள் ஒரு வயலில் பயிர் செய்து, விளைந்ததை அறுக்காமல் அப்படியே அழுக விட்டார். ‘நீங்கள் என்னை இப்படித்தான் வைத்திருக்கிறீர்கள்’ என்று தந்தைக்குக் காட்ட. பிறகு ஆண் வேடத்தில் குதிரையேறித் தப்பினார் என்பது வாய்மொழி வரலாறு. அந்நாட்டுக் கால்பந்து அணிக்கும் ‘பொலிகுதிரைகள்’ என்றுதான் பெயர்.

திப்புவின் வம்சத்தில் ஒரு கதைசொல்லி

நூர் இனாயத் கான் 1914இல் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை பரோடாவிலிருந்து போன சூஃபி இசைக் கலைஞர், திப்பு சுல்தானின் வழி வந்தவர். தாய் அமெரிக்கர். பாரிஸில் வளர்ந்த நூர் குழந்தைகளுக்குக் கதை எழுதினார். 1939இல் வெளியான அவருடைய புத்தகம் புத்த ஜாதகக் கதைகள் இருபதின் தொகுப்பு. அதில் ஒரு குரங்கரசன் கதை உண்டு. வேட்டைக்காரர்கள் சூழ்ந்தபோது ஆற்றுக்குக் குறுக்கே தன் உடம்பையே பாலமாக நீட்டி, அத்தனை குரங்குகளையும் தன் முதுகுமேல் நடந்து தப்ப வைக்கிறான்.

போர் வந்தது. நூர் பிரிட்டனின் ரகசியப் படையில் சேர்ந்தார். 1943 ஜூனில் ஜெர்மனியர் பிடியிலிருந்த பிரான்ஸுக்குள் அனுப்பப்பட்ட முதல் பெண் வயர்லெஸ் இயக்குநர் அவர். அந்த வேலையில் ஒருவர் பிடிபடாமல் தாக்குப்பிடிப்பது சராசரி ஆறு வாரம். போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே கூட்டாளிகள் வரிசையாகக் கைதானார்கள். திரும்பி வா என்று லண்டன் அழைத்தும் வர மறுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு மாறி வீடு மாறிச் செய்தி அனுப்பினார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டார். கூரை வழியே ஒருமுறை தப்பியும் பிடிபட்டார். பத்து மாதம் கையிலும் காலிலும் விலங்கு. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. 1944 செப்டம்பர் 13 அன்று டாக்காவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1949இல் ஜார்ஜ் கிராஸ் விருது.

திப்புவின் தந்தை ஹைதர் அலியிடம் உதவி பெற்று நாட்டை மீட்ட நம் அரசி யார் என்று இங்கே சொல்லத் தேவையில்லை. 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்து, திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சியில் எட்டு ஆண்டு காத்திருந்து, 1780இல் சிவகங்கைக்குத் திரும்பிய வேலுநாச்சியார்தான். ஹைதரிடம் அவர் உருதுவிலேயே பேசினார் என்பார்கள். 2008இல் தபால்தலை வந்தது. அவரையும் பல படங்களில் இருபது வயதுப் பெண்ணாகத்தான் வரைகிறார்கள். சிவகங்கையை மீட்டபோது அவருக்கு 50 வயது.

மூன்றரை நிமிடப் படங்கள்

இப்படிப்பட்ட பெண்களை வரைந்ததோடு நிற்காமல் அசையவும் வைத்தது பிரான்ஸ். பெனெலோப் பாஜியூ என்ற காமிக்ஸ் ஓவியர் 2016இல் ‘கூலோத்தே’ என்ற தொடரை வரையத் தொடங்கினார். 30 பெண்கள், இரண்டு தொகுதிகள். அரசி ந்ஸிங்கா, லோஸென், சீனத்தை ஆண்ட பேரரசி வூ செத்தியென், நம் நாட்டின் பூலான் தேவி எல்லோரும் உண்டு. போரத் கார்ட்டூன் இளவரசியின் பளபளப்பான பாணியை எடுத்து அதற்குள் வேறு பெண்ணை வைத்தார். பாஜியூ அந்தப் பாணியையே தொடவில்லை. புள்ளிக் கண், கோணல் மூக்கு, சட்டென்று போட்ட கோடு. சிரித்துக்கொண்டே படிக்கும்போது அடுத்த கட்டத்தில் நெஞ்சில் அடிக்கும். என் மனம் இந்த வழியைத்தான் நாடுகிறது. அழகு என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை, பெண் என்ன செய்தாள் என்பது மட்டுமே கண்ணில் படுகிறது. இதன் ஆங்கிலப் பதிப்புக்கு 2019இல் காமிக்ஸ் உலகின் உயரிய ஐஸ்னர் விருது கிடைத்தது.

2020இல் அதே 30 கதைகளும் அனிமேஷன் தொடராக பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வந்தன. ஒவ்வொன்றும் மூன்றரை நிமிடம். இயக்கியவர்கள் ஃபுவாங் மாய் நுயென், ஷார்லோட் காம்போன் என்ற இரண்டு பெண்கள்.